எந்த இடம், தோழர்?

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடிப் படிக்கிறோம். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள், இரண்டு ஆசிரியைகள், விடியற்காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் போகிற இளைஞர்கள். பாதிப் பேர் கட்சி உறுப்பினர்கள், மீதிப் பேர் கட்சிக்கு வெளியே நிற்கிற இடதுசாரிகள். போன கூட்டத்தில் ஊதிய ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தது. எட்டு வருஷமாக ஒரே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருக்கும் ஒருவர் எழுந்தார்.

"நம்ம சங்கம் போடுற அக்ரிமென்ட்ல பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான் எல்லாம் வருது. அதே லைன்ல, அதே ஷிப்ட்ல நிக்கிற எங்க பேரே அதுல இல்ல. எங்கள உறுப்பினராக்கூட சேர்த்துக்கல. ஏன்னு கேக்கணும்."

குரல் உயரவில்லை. கையில் ஒரு பழைய சம்பளச் சீட்டு வைத்திருந்தார். பக்கத்தில் இருப்பவருக்கு அதை நீட்டிக் காட்டினார். மூத்த தோழர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் தோழர். ஆனா இதைச் சொல்ற இடம் இது இல்ல."

"எந்த இடம், தோழர்?"

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த மூத்த தோழரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்து, வருஷக்கணக்கில் அலைந்து, அப்போதும் செங்கொடியைக் கீழே வைக்காதவர் அவர். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் இயல்பாக வந்தது என்பதுதான் என் கவலை. இடதுசாரிக் கூட்டங்களில் முப்பது வருஷமாக அதைக் கேட்டுவருகிறேன். நேர்மையான விமர்சனத்துக்கு இடதுசாரிகளிடம் இடம் உண்டா இல்லையா என்பதை அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எடைபோட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

அந்த வாக்கியத்துக்கு வயது நூறுக்கு மேல். 1921 மார்ச்சில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி, மக்கள் ஆதரவு திரளாத நிலையில் ஒரு எழுச்சியைத் தொடங்கித் தோற்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை கட்சித் தலைவராக இருந்த பால் லெவி, அது ஒரு சாகசம் என்று வெளிப்படையாகப் பிரசுரம் எழுதினார். ஏப்ரலில் அவரை வெளியேற்றினார்கள். லெனின் என்ன நிலை எடுத்தார் என்பதுதான் முக்கியம். லெவியின் விமர்சனம் சாராம்சத்தில் சரி என்றார். ஆனால் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் வெளியேற்றமும் சரி என்றார். சொன்னது சரி, சொன்ன இடம் தவறு. அதே மார்ச்சில்தான் சோவியத் கட்சியின் 10வது காங்கிரஸ் உட்கட்சிக் குழுக்களைத் தடைசெய்திருந்தது. உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டு, குரோன்ஸ்டாட் கலகத்தின் நடுவில், தற்காலிக அவசியம் என்று செய்தது அது. அந்தத் தற்காலிகம் பிறகு நீங்கவே இல்லை. ஸ்டாலின் காலத்தில் அதுவே விமர்சகர்களின் உயிரைக் குடிக்கிற சட்டமானது.

பெர்லின் வரை போகாமல் நம் பக்கத்துக்கே வரலாம். தாம்பரத்தில் ஒரு குடிசையில் குடும்பத்தோடு வாழ்ந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா. 1963 ஜனவரி 18 அன்று அவர் மறையும்வரை இந்த ஊர்க்காரர்தான். இந்தப் பக்கத்துத் தோழர்கள் ஜீவாவின் எளிமையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அவர் விமர்சகராக இருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. வருணாசிரமத்தைக் காந்தி ஏற்றுப் பேசியது பொறுக்காமல், இருபது வயதில் அவருக்கே கடிதம் எழுதினார். 1927இல் செட்டிநாட்டுப் பக்கம் வந்த காந்தி சிராவயல் ஆசிரமத்துக்கு அவரைத் தேடிப் போனார். கடிதம் எழுதியவன் யார், அவன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆள் அனுப்பவில்லை. தானே போனார். கருத்து மாறினாரா என்பது வேறு கேள்வி. விமர்சித்தவனைப் போய்ப் பார்ப்பது ஒரு இயக்கத் தலைவர் கொடுக்கக்கூடிய முதல் இடம்.

அடுத்தது அவ்வளவு எளிய கதையல்ல. 1932இல் சோவியத் பயணம் முடித்து வந்த பெரியார், சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுச் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தார். அரசு பாய்ந்தது. பெரியார் சிறை சென்றார். 1934இல் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது. பகத் சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையை மொழிபெயர்த்ததற்காக ஜீவா கைதானார். சுயமரியாதை இயக்கத்தைக் காப்பாற்றச் சமதர்மப் பிரச்சாரத்தைப் பெரியார் பின்னுக்குத் தள்ளி, நீதிக்கட்சியோடு நெருங்கினார். ஜீவா அதை எதிர்த்து 1936இல் பிரிந்து சுயமரியாதை சமதர்மக் கட்சியைத் தொடங்கினார். இதில் யார் சரி? அடக்குமுறை நிஜம், அதனால் பெரியாரின் கணக்கில் நியாயம் உண்டு. ஜமீன்தார்களின் கட்சியோடு கைகோத்துக்கொண்டு சமதர்மம் பேச முடியாது என்ற ஜீவாவின் வாதத்தில் அதைவிடக் கூடுதல் நியாயம் உண்டு என்பது என் முடிவு. ஆனால் இரண்டு தரப்பும் ஒரே இயக்கத்துக்குள் நின்று வாதாட ஒரு மேடை நிலைக்கவில்லை. பிரிவு ஒன்றே வழியானது. தமிழ்நாட்டில் சாதி ஒழிப்பும் வர்க்கப் போராட்டமும் தனித்தனி வீடுகளில் குடியேறியது அன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பாகப்பிரிவினைக்கு இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படிப் பிரிந்த அனுபவம் இருந்ததாலோ என்னவோ, ஜீவா தனக்குக் கீழே இருந்தவர்களிடம் வேறு மாதிரி நடந்துகொண்டார். திராவிட இயக்கத்தார் கம்பராமாயணத்தைக் கொளுத்தச் சொன்ன காலத்தில் கம்பனைக் கொண்டாடி மேடையேறினார். அதில் முகம் சுளித்த தோழர்களோடு வாதாடினார், யாரையும் விரட்டவில்லை. அவர் தொடங்கிய 'தாமரை' இதழ், அவர் இறந்தபின் கொண்டுவந்த சிறப்பு மலரில் சுந்தர ராமசாமியின் 'காற்றில் கலந்த பேரோசை' வந்தது. 1956இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்ததும், ஸ்டாலின் காலக் கொடுமைகளைக் குருஷேவ் வெளியிட்டதும் சுந்தர ராமசாமியைக் கட்சி வட்டத்திலிருந்து நகர்த்திவிட்டிருந்தன. விலகிப்போனவர் எழுதிய அந்தக் கட்டுரைதான் ஜீவாவைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைக் கட்சி இதழே அச்சிட்டது. 18 ஆண்டுகள் கழித்து, 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தபோது அந்தத் தாராளம் காணாமல் போயிருந்தது. முற்போக்கு எழுத்தாளர்களின் போலித்தனங்களை அந்த நாவல் விமர்சித்தது. அதற்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை நாவல் சொல்வது உண்மையா என்று பார்க்கவில்லை. எழுதியவரின் வர்க்கத்தைப் பார்த்தன. இரண்டு ஆட்களுக்கு இடையிலான வித்தியாசமல்ல இது. எழுதியவர் ஒருவரே. வாசித்த இயக்கம்தான் மாறியிருந்தது.

தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை. அங்கே வாழ்ந்து 2023 நவம்பர் 15 அன்று நூறைக் கடந்த வயதில் மறைந்தவர் என். சங்கரய்யா. 1964 ஏப்ரல் 11 அன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் ஒருவர். காங்கிரஸ் அரசை எப்படி மதிப்பிடுவது, சீனாவை எப்படிப் பார்ப்பது என்று கட்சிக்குள் ஆழமான கருத்து வேறுபாடுகள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. அவற்றுக்காக அன்று அவர்கள் வெளியே நடக்கவில்லை. கட்சித் தலைவர் எஸ்.ஏ. டாங்கே 1924இல் பிரிட்டிஷ் அரசுக்கு எழுதியதாகச் சில கடிதங்கள் வெளியாகியிருந்தன. அதை விவாதிக்கும் கூட்டத்துக்கு டாங்கேயே தலைமை வகிக்கக் கூடாது என்று கேட்டார்கள். அது ஏற்கப்படவில்லை. புகாருக்கு ஆளானவரே புகாரை விசாரிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 32 பேர் எழுந்து போனார்கள். கடிதங்கள் மெய்யா பொய்யா என்பதை விட்டுவிடுங்கள். நாட்டின் பெரிய இடதுசாரிக் கட்சி இரண்டானதற்குக் கடைசி நெருப்பு, தலைமை நாற்காலி பற்றிய ஒரு சின்ன நடைமுறை. விமர்சனத்துக்கு இடம் கொடுப்பது தாராள மனசு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல; யார் தலைமை வகிக்கிறார்கள், எதைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள், பதில் எந்தத் தேதிக்குள் வருகிறது என்ற மிகச் சாதாரண ஏற்பாடுகளில்தான் அது நிற்கிறது. இதை எனக்கு உணர்த்தியது 1964தான்.

வெளியே வந்து மார்க்சிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்கள் பெரிய வீடு கட்டினார்களா? நான்கே ஆண்டுகளில், 1968 பர்துவான் பிளீனத்தோடு, நக்சல்பாரிக்குப் பிந்தைய விமர்சகர்கள் கொத்துக்கொத்தாக வெளியேறினார்கள். 2012இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரணாப் முகர்ஜியை ஆதரிக்கும் முடிவை எதிர்த்துத் தீர்மானம் போட்டதற்காக ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் சங்கக் கிளையே கலைக்கப்பட்டது. காங்கிரஸ் வேட்பாளரை ஏன் ஆதரிக்கிறோம் என்று கேட்ட மாணவர்களிடம் எந்த வஞ்சகமும் இல்லை. அவர்களுக்குக் கட்சி கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் திருப்பிக் கேட்டார்கள். அதே 2012 மே 4 அன்று கேரளத்தின் ஒஞ்சியம் அருகே, மார்க்சிஸ்ட் கட்சியை விட்டு விலகித் தனிக்கட்சி கண்ட டி.பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களில் உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சிப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். அந்த வீட்டுக்குப் போய்ச் சந்திரசேகரனின் மனைவியைப் பார்த்தவர் வி.எஸ். அச்சுதானந்தன், 1964இல் வெளியேறிய 32 பேரில் அவரும் ஒருவர். 1927இல் காந்தி சிராவயலுக்குப் போனதைப் போல அவரும் தானே போனார்.

இன்னும் கொடிய பக்கமும் தமிழில் இருக்கிறது. மார்க்சியம் பேசிய ஈழ இயக்கம் ஒன்றிலிருந்து தப்பி வந்த கோவிந்தன், இயக்கத்துக்குள் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதை 'புதியதோர் உலகம்' என்ற நாவலாக 1985இல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். "சொல்ற இடம் இது இல்ல" என்ற சாதுவான வாக்கியத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே வெகுதூரம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி நான் பேசவில்லை. ஆனால் விமர்சகரின் சொல்லைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கும் பழக்கம் அந்தப் பாதையின் முதல் படி என்பதை மறைக்கவும் முடியாது.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு வைக்க வேண்டும். மூத்த தோழர் அதற்கு உரிமையுள்ளவர். இந்தியக் கம்யூனிஸ்டுகள் சும்மா சந்தேகப்படவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். தலைமறைவுக் காலத்தில் ஒரு வார்த்தை வெளியே போனால் ஒரு வீடு பிடிபடும், ஒரு உயிர் போகும். உளவாளிகள் நிஜமாகவே இருந்தார்கள். இன்றும் சங்கத்தின் உள்விவாதம் எதுவானாலும் மறுநாள் காலை மேனேஜ்மென்ட் மேசையில் இருக்கிறது. தொழிலாளியிடம் இருக்கிற ஒரே ஆயுதம் ஒற்றுமை. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் நின்ற ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் போராட்டம் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு வாரம் தாங்கியிருக்காது. முடிவெடுக்கும்வரை விவாதம், எடுத்தபின் ஒரே கை என்ற ஜனநாயக மத்தியத்துவக் கோட்பாட்டை நான் ஏற்கிறேன். அது இல்லாமல் ஒரு வேலைநிறுத்தமும் வெல்லாது.

ஆனால் கோட்பாட்டின் முதல் பாதியை யார் பார்த்திருக்கிறார்கள்? கிளையில் எழும் கேள்வி மேலே போகும் என்பது விதி. பக்கத்துக் கிளைக்குப் போகக் கூடாது என்பதும் விதி. பெருங்களத்தூர்த் தோழருக்கும் இரும்புலியூர்த் தோழருக்கும் ஒரே சந்தேகம் இருந்தால் அது ஒருவருக்கொருவர் தெரியாது. தெரிந்து பேசிக்கொண்டால் கோஷ்டி. மேலே போன கேள்வியின் நிலை என்ன என்று கேட்டால் பொறுமையின்மை. வெளியே சொன்னால் எதிரிக்குத் தீனி. மூன்று கதவுகளும் சாத்தியிருக்கும்போது "இடம் இது இல்ல" என்று சொல்வது முறையல்ல.

நேர்மையான விமர்சனத்தை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உள்நோக்கத்தை அளக்கப் போனால் முடிவே வராது. மனசைத் திறந்து பார்க்க யாரிடமும் சாவி இல்லை. "யாருக்குச் சாதகம்?" என்ற கேள்வியும் உதவாது. உண்மை எதுவானாலும் யாரோ ஒரு எதிரிக்கு அன்றைக்கு அது சாதகமாகத்தான் இருக்கும். பார்க்கக்கூடியதைப் பார்க்கலாம். விமர்சிப்பவர் குறிப்பான ஒன்றைச் சொல்கிறாரா, அல்லது 'நீங்கள் எல்லோருமே இப்படித்தான்' என்கிறாரா? அவர் சொல்வது தவறென்று காட்டினால் ஏற்கும்படியாகச் சொல்கிறாரா? சொல்வதால் அவருக்கு ஏதேனும் இழப்பு உண்டா? அந்த மாடியில் நின்றவர் கையில் சம்பளச் சீட்டு இருந்தது. மறுத்தால் மறுக்கக்கூடிய ஒரு செய்தியைச் சொன்னார். சங்கத்தை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை. சங்கத்துக்குள் தன்னைச் சேர்க்கச் சொல்லித்தான் அவர் கேட்டதே. மூன்றிலும் தேறிய விமர்சனம் அது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் இல்லையா? நிறைய இருக்கிறார்கள். அவர்களை இந்த மூன்று கேள்விகளே வடிகட்டிவிடும். வாயை மூடச் சொல்வதால் அவர்கள் போவதில்லை. போகிறவர்கள் நல்லவர்கள்தான்.

இடம் கிடைத்தபோது என்ன ஆனது என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கீழத் தஞ்சையில் 1943 முதல் பி. சீனிவாசராவும் தோழர்களும் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்துத் தலித் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். இந்த மண்ணில் சாதிக் கொடுமைக்கு எதிராக நடந்த மாபெரும் போராட்டங்களில் அது ஒன்று. ஆனால் அதைச் சாதி என்ற பெயரில் அழைக்கக் கட்சி தயங்கியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தபோது கூலிப் போராட்டம் என்ற சொல் முன்னால் நின்றது. 1990களில் 'நிறப்பிரிகை' போன்ற இதழ்களிலும், ராஜ் கௌதமன் போன்றவர்களின் எழுத்திலும் கேள்வி சுடச்சுட வந்தது. அடையாள அரசியல், வர்க்க ஒற்றுமையைச் சிதைக்கும் வேலை என்ற பழைய பதில்கள் வந்தன. ஆனாலும் உள்ளே அது வேலை செய்தது. 2007இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி உருவானது. கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். 2008 மே 6 அன்று மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்த சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மறுநாள் மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய பொதுச் செயலாளர் பிரகாஷ் காரத் அந்தத் திறப்பின் வழியே நடந்தார். கட்சியைத் திட்டியவர்களும் கட்சியும் சேர்ந்தே இடித்த சுவர் அது. திட்டியவர்கள் இல்லையென்றால் அந்தச் சுவர் கட்சியின் கண்ணில் பட்டிருக்காது; கட்டுப்பாடான ஒரு கட்சி இல்லையென்றால் அது விழுந்திருக்காது. விமர்சனமும் ஒழுங்கும் ஒன்றையொன்று தின்பவை அல்ல என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. தாமதத்தின் அளவையும் மறக்கக் கூடாது: மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழுவில் முதல் தலித் தோழர், ராமச்சந்திர டோம், இடம்பெற்றது 2022இல். கட்சி பிறந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு.

2025 ஜனவரியில் அந்த வாக்கியம் இடதுசாரிகளையே தேடி வந்தது. விழுப்புரம் மாநில மாநாட்டையொட்டி, போராட அனுமதி மறுக்கப்படுவதைக் கண்டித்த மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் கே. பாலகிருஷ்ணன், தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாத அவசரநிலை நடக்கிறதா என்று முதலமைச்சரைக் கேட்டார். கூட்டணித் தோழமைக்கு இது அழகல்ல என்ற பொருளில் தி.மு.க. நாளேடான 'முரசொலி' பதில் எழுதியது. நேரில் சொல்லியிருக்கலாமே, வீதியில் ஏன்? நம் தோழர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம். பாலகிருஷ்ணன் கேட்டது குறிப்பான கேள்வி, கூட்டணிக்குள் நின்றபடி கேட்டது, விலை தெரிந்தே கேட்டது. அன்று ஆளுங்கட்சியிடம் நாம் கேட்ட அந்த உரிமையை நம்மிடம் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் கொடுக்க வேண்டாமா?

என் தீர்ப்பு இது. இடதுசாரிகளிடம் விமர்சனக் கோட்பாடு இருக்கிறது. வேறு எந்த இந்தியக் கட்சியும் சுயவிமர்சனத்தைத் தன் அமைப்பு விதிகளுக்குள் இவ்வளவு அழுத்தமாக எழுதிவைக்கவில்லை. அவசரநிலையை ஆதரித்தது பிழை என்று 1978 பட்டிண்டா மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஒப்புக்கொண்டது. அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட இன்னொரு கட்சியைக் காட்டுங்கள். ஆனால் அந்த ஒப்புதல்கள் எல்லாம் தோல்விக்குப் பின் வந்தவை, மேலிருந்து வந்தவை. கீழிருந்து, நேரத்தோடு, சொன்னவருக்குச் சேதம் இல்லாமல் வந்த திருத்தங்கள் மிகக் குறைவு. அந்த அளவில் இடதுசாரி இயக்கம் இந்தத் தேர்வில் தோற்றிருக்கிறது. கோட்பாடு தோற்கவில்லை. நாற்காலியும் குறிப்பேடும் பக்கவாட்டுக் கதவும்தான் தோற்றிருக்கின்றன, அவை திருத்தக்கூடியவை. "இடம் இது இல்ல" என்று சொல்கிறவர் அதே மூச்சில் இடத்தையும் தேதியையும் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த இடம் இதுதான்.

மூத்த தோழருக்கும், மாடியில் கூடுகிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த இளைஞர் இந்த மாதம் வருவாரா என்று தெரியாது; யாராவது அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும், நானும் வருகிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்ப்பது பற்றிய கேள்வியை முதல் பொருளாக வையுங்கள். சங்கப் பொறுப்பில் இல்லாத ஒருவர் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கட்டும். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதுங்கள்.